ஒரு வினைச்சொல்லில் கைமாறிய காப்புரிமை: ஸ்டான்ஃபோர்டு – ரோஷ் வழக்கு

இந்த வழக்கை இரண்டு தாள்களில் அடக்கிவிடலாம். முதல் தாள் 1988-இல் கையெழுத்தானது. பணியின் விளைவாக வரும் கண்டுபிடிப்புகளில் எனக்குள்ள உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ‘எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்’ என்றது அது. இரண்டாவது தாள் 1989 பிப்ரவரியில் கையெழுத்தானது. இங்கே வந்து போவதால் விளையும் யோசனைகள், கண்டுபிடிப்புகள், மேம்பாடுகள் எல்லாவற்றிலும் எனக்குள்ள உரிமையை நிறுவனத்துக்கு ‘எழுதிக் கொடுப்பேன், இதன்மூலம் எழுதியும் கொடுக்கிறேன்’ என்றது அது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான், மார்க் ஹோலோட்னி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய்த் துறையில் ரிசர்ச் ஃபெல்லோவாகச் சேர்ந்த மருத்துவர்.

முதல் தாள் ஸ்டான்ஃபோர்டின் நியமனப் படிவம். இரண்டாவது, கலிஃபோர்னியாவில் இருந்த சீட்டஸ் என்ற சிறிய நிறுவனத்தின் ஆய்வகத்துக்குள் நுழைய அனுமதி தரும் பார்வையாளர் ரகசியக்காப்பு ஒப்பந்தம். 22 ஆண்டுகள் கழித்து, 2011 ஜூன் 6 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டான்ஃபோர்டின் மேல்முறையீட்டை 7-க்கு 2 என்ற கணக்கில் தள்ளியபோது, வாசலில் போட்ட அந்த இரண்டாவது கையெழுத்துதான் நிலைத்தது.

நம் ஊரில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இதில் புதிர் ஏதும் இல்லை. கிரய அக்ரிமெண்ட் வேறு, கிரயப் பத்திரம் வேறு. அக்ரிமெண்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த நிலத்தில் எந்தப் பாத்தியதையும் வந்துவிடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. விற்பவர் ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்டு கையில் இருந்தது அக்ரிமெண்ட். சீட்டஸ் கையில் இருந்தது பத்திரம்.

சீட்டஸில் ஒன்பது மாதம்

டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை பிறந்த இடமே சீட்டஸ்தான். அங்கே பணியாற்றிய கேரி முல்லிஸுக்கு அதற்காக 1993-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வேலையை அந்நிறுவனம் 1985-இலேயே தொடங்கியிருந்தது. 1988-இல் புதிய எய்ட்ஸ் மருந்துகள் பலன் தருகின்றனவா என்று சோதிக்க ஸ்டான்ஃபோர்டு துறையோடு கைகோத்தது. ஹோலோட்னிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, நோயாளியின் இரத்த மாதிரியில் உள்ள வைரஸ் அளவை பி.சி.ஆர். கொண்டு கணிக்க மேலான ஒரு முறையை உருவாக்குவது. பி.சி.ஆரில் அவருக்கு அனுபவம் போதாது. அதனால் மேற்பார்வையாளரே ஏற்பாடு செய்து அவரைச் சீட்டஸுக்கு அனுப்பினார்.

அந்த வேலை ஏன் கடினம் என்று தெரிந்தால், ‘இங்கே வந்து போவதால் விளையும்’ என்ற வாசகத்துக்கு ஏன் அத்தனை வலு வந்தது என்பதும் புரியும். எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். பெருக்குவதோ டி.என்.ஏ.வை. எனவே முதலில் ஒரு நொதியைக் கொண்டு ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் அது இரட்டிக்கும். கணக்குப்படி ஒரே ஒரு படி 30 சுழற்சியில் சுமார் 107 கோடி ஆகும். ஆனால் சுழற்சிக்கு நூறு சதவீதம் பெருகாமல் தொண்ணூறு சதவீதமே பெருகினால், அதே 30 சுழற்சியில் சுமார் 23 கோடியோடு நின்றுவிடும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் பொருட்டில்லை. ‘தொடக்கத்தில் எத்தனை இருந்தது’ என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும் என்றால் இதுவே எல்லாவற்றையும் கெடுக்கும். அளவு தெரிந்த மாதிரியைக் கூடவே ஓட்டி ஒப்பிட வேண்டும். இந்தக் கைப்பக்குவத்தைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்வது கடினம். செய்து பழகியவர்கள் இருந்த இடம் சீட்டஸ்.

அடுத்த ஒன்பது மாதம் ஹோலோட்னி சீட்டஸ் பணியாளர்களோடு சேர்ந்து உழைத்து, இரத்தத்தில் எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் ஒரு பி.சி.ஆர். முறையை வகுத்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பினார். அங்கே சக ஆய்வாளர்களோடு அதைச் சோதித்துச் செம்மைப்படுத்தினார். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய நோயாளி நலிகிறாரா தேறுகிறாரா என்று காத்திருக்கத் தேவையில்லை, வைரஸ் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். இன்று சாதாரணமாகச் சொல்லும் ‘வைரல் லோடு’ பரிசோதனையின் வரலாற்றில் இது ஒரு முக்கியமான படி.

1991-இல் சீட்டஸின் பி.சி.ஆர். சொத்துகள் முழுவதையும் மருந்து நிறுவனமான ரோஷ் வாங்கியது. சோதனைக் கருவிகளோடும் காப்புரிமைகளோடும் சேர்ந்து, ஹோலோட்னி கையெழுத்திட்ட அந்தப் பார்வையாளர் ஒப்பந்தமும் கைமாறியது. நிறுவனங்கள் கைமாறும்போது இப்படிக் கோப்பில் கிடக்கும் தாள்களும் கூடவே போகும். பல்கலைக்கழகங்கள் எளிதில் மறந்துவிடும் விஷயம் இது. நட்போடு ஆய்வகக் கதவைத் திறந்துவிட்ட சிறு நிறுவனத்திடம் இருந்த தாள், நாளை யாரிடம் இருக்கும் என்று தெரியாது. ரோஷ் மருத்துவச் சோதனைகளை நடத்தி எச்.ஐ.வி. அளவிடும் கிட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின.

ஸ்டான்ஃபோர்டு 1992 மே மாதம் முதல் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது. ஹோலோட்னி உள்ளிட்ட தன் பணியாளர்களிடம் தனித்தனியாக எழுதி வாங்கியது. மூன்று காப்புரிமைகள் கிடைத்தன. 2000-இல் ரோஷிடம் உரிமம் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேச்சு நடத்தியது, கூடிவரவில்லை. 2005 அக்டோபரில் வழக்குப் போட்டது. ரோஷ் சொன்ன பதில் சுருக்கமானது: நாங்களும் ஒரு பங்குதாரர், சொந்தக்காரன்மேல் எப்படி வழக்குப் போடுவீர்கள்?

ஒரு பங்கு போனால் எல்லாம் போனது போலத்தான்

கண்டுபிடிப்பாளர்களில் ஒருவருடைய பங்குதானே ரோஷுக்குப் போனது, மற்றவர்களுடைய பங்கு ஸ்டான்ஃபோர்டிடம் இருந்ததே என்று கேட்கலாம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் கூட்டு உரிமை கொடூரமானது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எந்தப் பங்குதாரரும் மற்றவரைக் கேட்காமல், ஒரு பைசா பங்கு தராமல், கண்டுபிடிப்பு முழுவதையும் பயன்படுத்தலாம். அத்துமீறல் வழக்குப் போட எல்லாப் பங்குதாரரும் சேர்ந்து வர வேண்டும். ரோஷ் தன்மேலேயே வழக்குப் போட வராது. ஒரு சிறு பங்கு கைநழுவினாலும் அந்த ஆளுக்கு எதிராகக் காப்புரிமை வெறும் காகிதம்தான்.

காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2009 செப்டம்பரில் இந்தக் கணக்கை அப்படியே ஏற்றது. ‘சம்மதிக்கிறேன்’ என்பது எதிர்காலத்தில் செய்வதாகத் தரும் வாக்கு. ‘இதன்மூலம் கொடுக்கிறேன்’ என்பது அப்போதே நிகழும் மாற்றம். கண்டுபிடிப்பு இன்னும் பிறக்கவில்லை என்றாலும், அது பிறந்த கணமே உரிமை தானாகச் சீட்டஸுக்குப் போய்விடும். பிற்பாடு ஹோலோட்னி ஸ்டான்ஃபோர்டுக்கு எழுதிக் கொடுத்தபோது, கொடுப்பதற்கு அவர் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

நிலத்தில் ஒரு வழி உண்டு. முந்தைய விற்பனை தெரியாமல் நல்ல எண்ணத்தில் வாங்கியவர் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்திலும் அதுபோல ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உரிமை மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் காப்புரிமை அலுவலகத்தில் பதியாவிட்டால், விஷயம் தெரியாமல் பின்னால் பணம் கொடுத்து வாங்கியவருக்கு எதிராக அது செல்லாது. ஸ்டான்ஃபோர்டு இதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. சீட்டஸ் தாளில் கையெழுத்திட்டவர் உங்கள் ஆளே, அனுப்பியதும் நீங்களே, தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. தன் வீட்டுப் பிள்ளை போட்ட கையெழுத்துக்குத் தானே வில்லங்கம் போட்டுப் பார்க்காத கதை.

ரோஷ் பக்கமும் ஓர் ஓட்டை இருந்தது. தானே உரிமையாளர் என்று அறிவிக்கக் கோரிய அதன் எதிர்வழக்கு காலாவதி ஆகிவிட்டது. ஆனால் தற்காப்பு வாதத்துக்குக் காலாவதி இல்லை. கேட்டு வாங்க முடியாது, தடுத்து நிறுத்தலாம். ரோஷுக்கு அது போதுமானதாக இருந்தது.

அரசுப் பணம் உரிமையைத் தராது

உச்ச நீதிமன்றத்துக்குப் போன கேள்வி வேறு. ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணமும் இருந்தது. 1980-இன் பே–டோல் சட்டப்படி, அரசு நல்கையில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகம் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரிவு செய்யலாம். அதற்கு வரிசை உண்டு. கண்டுபிடிப்பாளர் எழுத்தில் தெரிவித்த இரண்டு மாதத்துக்குள் நிதி தந்த அமைப்புக்குச் சொல்ல வேண்டும். சொன்ன இரண்டு ஆண்டுக்குள் தெரிவு செய்ய வேண்டும். பொதுவாகத் தெரிவு செய்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக்கு இலவச உரிமம் உண்டு. கண்டுபிடிப்பாளருக்கு வருமானத்தில் பங்கு தர வேண்டும். ஸ்டான்ஃபோர்டு அரசுக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருந்தது. எனவே சட்டமே உரிமையைத் தனக்குத் தந்துவிட்டது, ஹோலோட்னி அதைச் சீட்டஸுக்கு எழுதிக் கொடுக்க வழியே இல்லை என்று வாதிட்டது. அமெரிக்க அரசும் அதன் பக்கம் நின்றது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான பர்ச் பே கூட ஆதரவு மனு போட்டார்.

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு மூன்று இடத்தில் கை வைத்தது. 1790 முதலே கண்டுபிடிப்பு கண்டுபிடித்தவருக்குச் சொந்தம், அவரிடமிருந்து எழுத்தில் வாங்கினால்தான் மற்றவருக்கு. சட்டத்தில் உள்ள ‘ஒப்பந்ததாரரின் கண்டுபிடிப்பு’ என்ற தொடருக்கு ஒப்பந்ததாரருக்குச் சொந்தமான கண்டுபிடிப்பு என்றே பொருள், அவரிடம் வேலை பார்ப்பவர் எவர் செய்த கண்டுபிடிப்பும் என்று நீட்ட முடியாது. ‘தக்கவைத்துக்கொள்ளலாம்’ என்று சட்டம் சொல்கிறது, ஏற்கெனவே கையில் இருப்பதைத்தானே தக்கவைக்க முடியும்? அணுசக்தி தொடர்பான சில சட்டங்களில் கண்டுபிடிப்பாளரிடமிருந்து உரிமையை எடுத்து அரசுக்குத் தர நாடாளுமன்றம் விரும்பியபோது, அதை ஐயத்துக்கு இடமின்றி எழுதியது. இங்கே எழுதவில்லை.

அந்த இரண்டு தாள்களின் வாசகத்துக்கு ஃபெடரல் சர்க்யூட் சொன்ன பொருள் சரியா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. மாறுபட்டு எழுதிய நீதிபதி பிரேயர் இங்கேதான் விரல் வைத்தார். பிறக்காத கண்டுபிடிப்பை ‘இதன்மூலம்’ என்ற சொல்லால் முன்கூட்டியே மாற்றலாம் என்ற விதி ஃபெடரல் சர்க்யூட்டின் 1991 தீர்ப்பு ஒன்றிலிருந்து வருகிறது. ஹோலோட்னி கையெழுத்துப் போட்டது 1989-இல். அதற்கு முந்தைய சட்டப்படி பார்த்தால் இரண்டு தாளுமே வாக்குறுதிகள்தான். பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி சோட்டோமேயரும் இந்த ஐயம் தனக்கும் உண்டு என்று தனியாக எழுதினார். நியாயமான கேள்விதான். ஆனால் உரிய கட்டத்தில் எழுப்பப்படாத கேள்வி வழக்கைக் காப்பாற்றாது.

எந்த மேசையில் தவறியது

நியமனப் படிவத்தின் வாசகம் கவனக்குறைவால் வந்தது என்று எண்ண வேண்டாம். முடிந்தவரை உரிமையைக் கண்டுபிடிப்பாளரிடமே விடுவது தன் கொள்கை, பெருநிறுவனங்களிலிருந்தும் பல பல்கலைக்கழகங்களிலிருந்தும் தான் வேறுபடுவது இதில்தான் என்று ஸ்டான்ஃபோர்டின் அக்கால நிர்வாகக் கையேடே சொன்னது. தேவைப்படும்போது எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்ற தாராள மனம். அந்தத் தாராளத்தை நீதிமன்றம் சாட்சியாகவே எடுத்துக்கொண்டது. ஆசிரியருக்குச் சுதந்திரம் தர விரும்பும் பல்கலைக்கழகம் அதை வேறு விதமாகத் தரலாம்: உரிமையை முதலில் தன்னிடம் எடுத்துக்கொண்டு, வேண்டாதபோது திருப்பித் தரலாம். அந்தரத்தில் விட்டால் வழியில் போகிறவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது தவறு வாசலில் நடந்தது. பார்வையாளர் தாளைப் பார்த்தால் ரகசியக்காப்பு மட்டும் என்று தோன்றும். உரிமை மாற்றம் உள்ளே ஒரு பத்தியில் இருக்கும். உள்ளே போகும் அவசரத்தில் இருக்கும் ஆய்வாளர் அதைப் படிக்க மாட்டார், படித்தாலும் வினைச்சொல்லின் காலத்தைக் கவனிக்க மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஒரு தாளைப் பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லும் கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 1992-இல் விண்ணப்பிக்கும்போது. வேலை எங்கே நடந்தது, யாருடைய பொருள்களைப் பயன்படுத்தினீர்கள், அங்கே எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்ற மூன்று கேள்விகள் கண்டுபிடிப்புத் தெரிவிப்புப் படிவத்தில் இருக்க வேண்டியவை. விடை தெரிந்திருந்தால் அப்போதே சீட்டஸின் பங்கை வாங்கிய ரோஷிடம் பேசி முடித்திருக்கலாம். சந்தையில் கிட் பரவுவதற்கு முன்பு அந்தப் பங்கின் விலை வேறாக இருந்திருக்கும்.

தீர்ப்புக்குப் பிறகு படிவங்கள் மாறின. ஸ்டான்ஃபோர்டு தன் ஒப்பந்தத்தை ‘இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்’ என்று மாற்றியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் 2011 நவம்பரிலேயே மாற்றியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பே–டோல் விதித் திருத்தம், உரிமையை எழுதிக் கொடுக்கும் கடப்பாட்டைப் பணியாளர்களிடமிருந்து எழுத்தில் பெறுவதை நல்கை பெறும் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது.

பாடம் எல்லாரிடமும் போய்ச் சேரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சட்டவிதி, தன் நிதியாதரவில் வரும் காப்புரிமைகள் ‘பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருக்கும்’ என்றது. அங்குள்ள ஒரு பேராசிரியரின் நிறுவனமான ஆம்னி மெட்சை, கைக்கடிகாரத்தின் இதயத்துடிப்பு உணரி தொடர்பாக ஆப்பிள் மீது வழக்குப் போட்டபோது, காப்புரிமை பல்கலைக்கழகத்துடையது, இவர்கள் வழக்குப் போட முடியாது என்றது ஆப்பிள். 2021 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் அதை ஏற்கவில்லை. ‘சொத்தாக இருக்கும்’ என்பது முடிவில் யாரிடம் இருக்க வேண்டும் என்ற அறிக்கை, கொடுக்கும் செயல் அதில் இல்லை. கொள்கை ஆவணம் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் பத்திரம் ஆகிவிடாது.

மாணவர்கள்

மாணவர் விஷயம் இன்னும் நழுவல். சம்பளம் வாங்காத மாணவர் பணியாளர் அல்லர். வகுப்புத் திட்டப்பணியில் தானாகச் செய்ததும், எழுதிய ஆய்வேட்டின் பதிப்புரிமையும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அவருக்கே. நல்கைத் திட்டத்தில் உதவித்தொகை பெற்றாலோ, சிறப்புக் கருவிகளைப் பெருமளவு பயன்படுத்தினாலோ கொள்கை மாறும். இதே ஸ்டான்ஃபோர்டில் இது ஒழுங்காக நடந்த உதாரணமும் இருக்கிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தந்த மின்நூலகத் திட்டத்தில் மாணவராக இருந்து, பின்னாளில் கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான லாரி பேஜின் பேஜ்ரேங்க் என்ற, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் முறைக்கு 1998 ஜனவரியில் விண்ணப்பம் போனது. 2001 செப்டம்பரில் கிடைத்த காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர் பேஜ், உரிமையாளர் ஸ்டான்ஃபோர்டு. கூகுளுக்கு உரிமம் தந்து வாங்கிய சுமார் 18 லட்சம் பங்குகளை விற்றுப் பல்கலைக்கழகம் 33.6 கோடி டாலர் பெற்றது. வழக்கமான உரிம வருமானத்தில் 15 சதவீதத்தையும் செலவையும் கழித்து, மீதியைக் கண்டுபிடிப்பாளர், துறை, கல்விப்புலம் என்று மூன்று பங்காகப் பிரிப்பது ஸ்டான்ஃபோர்டு முறை.

இந்தியாவில் பணியாளர் கண்டுபிடிப்பு யாருக்கு என்று காப்புரிமைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. பே–டோல் போல ஒன்றைக் கொண்டுவர 2008-இல் மாநிலங்களவையில் வைத்த மசோதா, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. எனவே இங்கும் எல்லாமே தாள்தான்: 68-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. விண்ணப்பிக்கும் உரிமைக்கான சான்றை, விண்ணப்பத்தோடு தராவிட்டால் ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். பட்டம் வாங்கிய மாணவர் வெளிநாடு போய், பழைய மின்னஞ்சல் முடங்கிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைய நேரும். சேரும்போதே ஒன்று, விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் ஒன்று என்று இரண்டு முறை வாங்குவதே சரி. 50-ஆம் பிரிவின்படி கூட்டு உரிமையாளர் தான் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவர் சம்மதமின்றி உரிமம் தரவோ பங்கை விற்கவோ முடியாது. அமெரிக்காவைவிட இது கொஞ்சம் பாதுகாப்பு. கூட்டு உரிமையாளரான நிறுவனம் தானே தயாரித்து விற்றால் அதுவும் உதவாது.

வெளி ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பும் துறை செய்யக்கூடிய மலிவான காரியம், அந்தப் பார்வையாளர் தாளில் இரண்டு திருத்தம் கேட்பது. உரிமை மாற்றப் பத்தியை அடித்துவிட்டு ரகசியக்காப்பை மட்டும் வைத்துக்கொள்வது முதலாவது. அதற்கு நிறுவனம் மறுத்தால், ‘என் பல்கலைக்கழகத்துக்கு எனக்குள்ள கடப்பாடுகளுக்கு உட்பட்டு’ என்ற தொடரைப் பத்தியின் தலையில் சேர்ப்பது இரண்டாவது. ஆனால் இந்தத் தொடர் வேலை செய்ய, பல்கலைக்கழகத்தின் சொந்தப் படிவம் ஏற்கெனவே பத்திரமாக இருக்க வேண்டும். அக்ரிமெண்டாக இருந்தால் அதைச் சேர்த்தும் வழக்குக்கு இடம் இருக்கும். இரண்டுக்கும் நிறுவனம் இணங்கவில்லை என்றால் ஆளை அனுப்புவதற்கு முன்பே கூட்டு ஆய்வு ஒப்பந்தம் போட்டு, எது யாருக்கு என்று பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். அதில் பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திட வேண்டியவர் அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலர், ஃபெல்லோ அல்லர்.